கத்தரிப்பூக் கோடு

ஜனவரி 2

பிளாஸ்டிக் குருணை கொடுக்கிற கம்பெனியிலிருந்து டைரி வந்தது. வருஷா வருஷம் வரும். அட்டையில் 'திரு. தவமணி அவர்களுக்கு' என்று தங்க எழுத்து. அவர் போய்ச் சேர்ந்த சேதி கம்பெனிக்குத் தெரியாது போல. நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் ஒரு டைரியிலாவது ஒரு எழுத்து எழுதியிருப்பாரா? ஒன்று மேஜைக் காலுக்கு அடியில். ஒன்று ஜன்னல் கதவு ஆடாமல் இருக்க. ஒன்று கம்ப்ரசருக்கு முட்டு. மற்றவர்களெல்லாம் டைரியை எழுதத்தான் வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அதன் தடிமன்தான் முக்கியம்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். எழுதச் சொன்னது பூங்கனி. எங்கள் ஷெட்டில் ரொம்ப வருஷமாகக் குடத்துக்குப் பிசிறு அறுக்கிறவள்.

"அக்கா, நீங்க மிஷின்கூட நின்னு பேசுறதைப் பக்கத்து ஷெட்டுக்காரங்க எட்டிப் பாக்குறாங்க. பேசுறதை இதுல எழுதிவைங்க. சத்தம் வராது."

மிஷினோடு யாராவது பேசுவார்களா? கம்ப்ரசரோடுதான் ரெண்டு வார்த்தை பேசினேன். அதற்குள் ஊர் கூடிவிட்டது.

ஜனவரி 4, ஞாயிறு

டைரிக்கு மிஷினைத் தெரியாது. புதுசாக வந்தது, பாவம். சொல்லிவைப்போம்.

விருதுநகரில் சூலக்கரைத் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டு. அதை ஒட்டியே வீடு. பிளாஸ்டிக் குடம் ஊதுகிற மிஷின். ஒன்றே ஒன்று. மேலே குருணையைக் கொட்டினால், உள்ளே சூடான இரும்புக் குழாய்க்குள் ஒரு திருகு சுற்றிச் சுற்றி உருக்கித் தள்ளும். முன்னால் ஹெட்டு என்று ஒரு பாகம். அங்கேயிருந்து உருகின பிளாஸ்டிக் குழல் மாதிரி கீழே இறங்கும். அச்சு ரெண்டு பக்கமும் வந்து கும்பிடுகிற கை மாதிரி சேரும். கம்ப்ரசரிலிருந்து புஸ்ஸென்று காற்று போகும். குழல் உப்பி, அச்சில் ஒட்டிக்கொள்ளும். கை பிரியும். குடம். அடியிலும் கழுத்திலும் தொங்குகிற பிசிறைப் பூங்கனி அறுப்பாள். அறுத்ததை அரைத்து மறுபடியும் மேலேயே கொட்டுவோம்.

கார்த்திகையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஷெட்டு ஆட்கள் ஓடிவந்து மெயினை அணைத்தார்கள். உள்ளே இருந்தது உள்ளேயே உறைந்துபோனது. பாதி இறங்கின குழல் அப்படியே இறுகி, ஹெட்டிலிருந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. கத்தரிப்பூ நாக்கு. அன்றைக்கு ஓடினது கத்தரிப்பூக் கலர்.

சிவப்பும் நீலமும் வெள்ளையும் கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து அவரே உண்டாக்கின கலர். அன்றைக்குக் காலையில்தான் முதல் குடம் விழுந்தது. தூக்கிக் காட்டினார். பெத்தெடுத்த மாதிரி ஒரு முகம்.

"யாருங்க வாங்குவா இந்தக் கலரை?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு என்னட்டி கலர் தெரியும்?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குப் பூங்கனி கத்தியோடு வந்தாள். "அந்த நாக்கை அறுத்துரவாக்கா? பாக்க நல்லாயில்ல."

"கிடக்கட்டும். கத்தி மொக்கையாயிரும்" என்றேன். கத்திக்காகத்தான் சொன்னேன்.

சண்டையில் பதில் கிடைக்காவிட்டால் மனுஷன் நாக்கை நீட்டுவார். அறுபது வயசில்.

ஜனவரி 8

ஷெட்டைக் கூட்டினேன். ஓடாத ஷெட்டில் எங்கிருந்துதான் இத்தனை தூசி வருகிறதோ.

ஜனவரி 15

தைப்பொங்கல். இந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. பூங்கனி தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து நிற்கிறாள்.

"துக்க வீட்டுல ஆகாதுட்டி."

"பொங்கக் கூடாதுன்னுதானக்கா இருக்கு. திங்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

முந்திரிப்பருப்பை எல்லாம் வரும் வழியிலேயே பொறுக்கித் தின்றிருந்தாள். கேட்டதற்கு, துக்க வீட்டுக்கு முந்திரி ஆகாது என்கிறாள்.

சாயங்காலம் கொழுந்தன் குணசீலன் திருப்பூரிலிருந்து போன் செய்தார். அவருடைய தம்பி. மிஷினுக்கு ஆள் பார்த்துவிட்டாராம். பதினாறாம் நாள் காரியத்தில், வந்திருந்த சனம் அத்தனை பேருக்கும் முன்னால், "மதினி, மிஷினைக் குடுத்துட்டு எங்ககூட வந்துருங்க" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். சாம்பார் வேண்டுமா என்று கேட்டவருக்கும் அப்படித்தான் ஆட்டினேன். ரசத்துக்கு மேலே ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் என்னை எங்கே வைப்பது என்று எல்லாருக்கும் கவலை.

ஜனவரி 21

குணசீலன் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல பிள்ளை. அண்ணன் மாதிரியே மூக்கு, அண்ணன் மாதிரி வாய் கிடையாது.

"மாடியில உங்களுக்கு ரூம்பு ஒழிச்சு வச்சிருக்கோம் மதினி. ஃபேன் புதுசு."

"சரி தம்பி."

"சத்தமே வராது, அந்த ஃபேன்ல."

இந்த ஃபேனைப் பற்றி இட்லி தின்னும்போது சொன்னார், காப்பி குடிக்கும்போது சொன்னார், கை கழுவும்போதும் சொன்னார். கம்ப்ரசர் சத்தத்தில் இருபத்தேழு வருஷம் தூங்கினவளுக்குச் சத்தம் வராத ஃபேன் எதற்கு?

திண்டுக்கல்லிலிருந்து காஜா மைதீன் என்று ஒருத்தர் வருகிறாராம். பழைய தொழில்காரர், மூன்று மிஷின் வைத்துத் தண்ணீர் கேன் ஊதுகிறவர். பிப்ரவரி ரெண்டாம் தேதி வருவார். மிஷின் ஓடுகிறதைக் கண்ணால் பார்ப்பார். பிடித்தால் அந்த வாரமே லாரியில் ஏற்றிவிடுவார்.

"ஓடலைன்னா?" என்று கேட்டேன்.

"ஓடாத மிஷினை யாரு மதினி வாங்குவா? பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அறுத்து எடை போட்டுருவான்."

ஓடினாலும் போகும், ஓடாவிட்டாலும் போகும். நல்ல கணக்கு.

"போட்டுப் பாத்துருவோமா மதினி, இப்பவே?"

"தொட்டி பாசி பிடிச்சுக் கிடக்கு தம்பி. அச்சுக்குக் குளுந்த தண்ணி போகாது."

"சரி, சும்மா ஹீட்டரை மட்டும் போடுவோம்."

"எலி வயரைக் கடிச்சிருச்சே."

அவர் குனிந்து வயரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எலி கடிச்ச மாதிரி இல்லையே மதினி. கத்தி வச்சு நறுக்குன மாதிரியில்ல இருக்கு."

"சூலக்கரை எலி அப்படித்தான் தம்பி" என்றேன்.

பூங்கனி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு அடிக்கடி இருமல் வரும்.

ஜனவரி 24

தொட்டியைக் கழுவியாயிற்று. குணசீலன் அனுப்பின எலக்ட்ரீசியன் வயரை மாற்றிவிட்டான். கம்ப்ரசர் பெல்ட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. சனியன், ஒன்றாவது கெட்டிருக்கக் கூடாதா?

ஜனவரி 27

இன்றைக்கு ஓட்டினோம்.

காலையில் விளக்கேற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். சூட்டை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். உள்ளே இறுகிக் கிடப்பது முழுசாக இளகுவதற்குள் திருகைச் சுற்றவிட்டால் திருகு ஒடிந்துபோகும். பிறகு பழைய இரும்புக் கடைதான். அவர் சூடு போட்டுவிட்டு, "கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கிற பொம்பளையும் இதுவும் ஒண்ணு. தானா இளகணும், எழுப்பக் கூடாது" என்பார். என்னிடமே சொல்வார்.

நானும் பூங்கனியும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் வாடை வந்தது. கத்தரிப்பூக் கலருக்கென்று தனி வாடை கிடையாது என்றுதான் பூங்கனி சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

மத்தியானம் போல நாக்கு ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் நீண்டது. இன்னும் கொஞ்சம். அப்புறம் பொத்தென்று தரையில் விழுந்தது. பூங்கனி, "அண்ணன் நாக்கை உள்ள இழுத்துக்கிட்டாருக்கா" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கொஞ்ச நேரம் பின்பக்கம் போய்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது.

திருகு சுற்றினது. முதலில் கருகல் கருகலாக வந்தது. அதைத் தள்ளினோம். பிறகு சுத்தமான குழல் இறங்கினது. அச்சு கும்பிட்டது. காற்று போனது. கை பிரிந்தது.

கத்தரிப்பூக் குடம். பளபளவென்று இருக்கிறது. கார்த்திகையில் கொட்டின குருணை, தையில் குடமாகிறது. அவர் கையால் அள்ளிப் போட்டது.

ஒவ்வொன்றாக விழுந்தது. பூங்கனி எண்ண ஆரம்பித்தாள். "எண்ணாத" என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அப்புறம் அவள் பிசிறை மட்டும் அறுத்தாள்.

குழாயைக் காலியாக ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கிறது தீருவதற்கு முன்னால் அடுத்த கலரைக் கொட்டிவிட வேண்டும். எந்தக் கலருக்குப் பின் எந்தக் கலர் என்று சுவரில் சாக்பீஸால் அவர் எழுதிவைத்திருக்கிறார். வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடியும். வெளுப்பிலிருந்து அடர்த்திக்குத்தான் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. வந்தால் பழைய கலர் ஹெட்டின் மூலை முடுக்கில் ஒட்டிக்கொண்டு, வருகிற குடத்திலெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும். கத்தரிப்பூவுக்குப் பின்னால் ஒரே ஒரு கலர்தான் எழுதியிருக்கிறது. கறுப்பு.

பூங்கனி கறுப்பு மூட்டையைப் பிரித்துவைத்துக்கொண்டு நின்றாள். "கொட்டவாக்கா?"

"மஞ்சள் போடு" என்றேன்.

"மஞ்சளா?"

"மஞ்சள்."

"மஞ்சள் மூட்டை அடியில கிடக்குக்கா. மேல நாலு மூட்டை அடுக்கியிருக்கு."

"தூக்கு. நானும் ஒரு கை பிடிக்கேன்."

மூட்டையை நகர்த்தினதில் தோள்பட்டை வலிக்கிறது. தைலம் தடவியிருக்கிறேன்.

ஜனவரி 28

மஞ்சள் குடம் வருகிறது. ஒவ்வொன்றிலும் கழுத்திலிருந்து அடிவரைக்கும் கத்தரிப்பூக் கோடு. சிலதில் பட்டை மாதிரி, சிலதில் நரம்பு மாதிரி.

பூங்கனி ஒரு குடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். "அக்கா, தெரியாம போட்டீங்களா? தெரிஞ்சே போட்டீங்களா?"

"தெரியாமத்தான்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் பிசிறு அறுக்கப் போனாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அதுதான் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

நாளைக்குத் திண்டுக்கல்காரர் வருகிறார். தைப்பூசத்துக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் மிஷினைத் துடைத்தேன். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குச் சிங்காரிக்கிற மாதிரி. நல்லா இருந்தாலும் வயிறு எரிகிறது. நல்லா இல்லாவிட்டாலும் எரிகிறது.

சாமி, அந்த மனுஷருக்கு நாளைக்கு வேறு ஏதாவது நல்ல வேலை வரட்டும்.

பிப்ரவரி 2

வேறு வேலை வரவில்லை. காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, கண்ணாடி. குணசீலன்தான் காரில் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க பாய்" என்றேன். "சும்மா இரும்மா, முதல்ல மிஷினைப் பாத்துக்கிறேன்" என்று நேராகப் போய்விட்டார். சுற்றிச் சுற்றி வந்தார். ஓடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் மாதிரி. அச்சு சேர்கிறபோது ஒரு தடவை, "அடடா, என்ன சுத்தம்" என்றார். எனக்குத் திக்கென்றது. குணசீலனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்குள் அவருக்குப் பனியன் கம்பெனியிலிருந்து போன் வந்து வெளியே போனார்.

பாய் ஒரு குடத்தைத் தூக்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கோட்டை விரலால் மேலிருந்து கீழே வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு சுவரில் எழுதியிருக்கிறதை வாசித்தார். மறுபடியும் குடம். மறுபடியும் சுவர்.

"இது யாரு எழுதுனதும்மா?"

"அவருதான்."

"அவரு கடைசியா ஓட்டுனது கத்தரிப்பூவா?"

"ஆமா பாய்."

"அதுக்கு மேல கறுப்புல்ல போடணும்? சுவத்துலயே எழுதியிருக்கே."

"கைக்குக் கிடைச்சதைப் போட்டேன் பாய்."

அவர் திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். கறுப்பு மூட்டை மிஷினுக்குப் பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மஞ்சளுக்காக நகர்த்தின நாலு மூட்டையும் தாறுமாறாகக் கிடந்தன. பூங்கனிக்கு மறுபடியும் இருமல்.

"ம்" என்றார் பாய். "கைக்குக் கிடைச்சது."

டீ கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஆற்றிக் குடித்தார். திடீரென்று, சம்பந்தமே இல்லாமல், "என் வீட்டுக்காரி போய் ஒரு வருஷம் ஆகப்போகுதும்மா. அவ அரைச்சு வச்ச மசாலா ஒரு டப்பா அடுக்களையில இருக்கு. மருமக வேற மசாலாவிலதான் கறி ஆக்குது. அந்த டப்பாவைத் தொடக் கூடாதுன்னுட்டேன்" என்றார். "வாசமே போயிருச்சுன்னு சொல்றாங்க. எனக்கு வருது."

எதற்கு இதைச் சொன்னார் என்று தெரியவில்லை. திண்டுக்கல்காரர்கள் எங்கே போனாலும் மசாலாவைப் பற்றித்தான் பேசுவார்கள்.

குணசீலன் உள்ளே வந்தார். "என்ன பாய், முடிச்சுருவோமா?"

பாய் எழுந்து, குடத்தை அவர் கையில் கொடுத்தார். "மிஷினு நல்ல மிஷினு தம்பி. ஆனா பாருங்க, ஹெட்டுல கோளாறு. பழைய கலரை விடவே மாட்டேங்குது. இதைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய?"

"சரி பண்ண முடியாதா?"

"ஓட்டி ஓட்டித்தான் சரியாகும். அதுவும் புதுக் கை பட்டா முரண்டு பிடிக்கும். பழகுன கைதான் ஓட்டணும்."

"அப்ப பழைய இரும்புக்கு..."

"சேச்சே! அதைச் செஞ்சுராதீங்க. பாவம் பிடிக்கும்." ரொம்பக் கோபமாகச் சொன்னார்.

முப்பது நாற்பது வருஷத் தொழில்காரர். கலர் மாற்றின கோட்டை ஹெட்டுக் கோளாறு என்று எப்படித்தான் நினைத்தாரோ. கண்ணாடி மாற்ற வேண்டும் போல.

புறப்படும்போது கோடு விழுந்த குடம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். கார் வரைக்கும் வழியனுப்பப் போனேன். குணசீலன் கதவைத் திறக்கிறதற்குள் என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"வெள்ளை போட்டிருந்தீங்கன்னா, இன்னும் கொஞ்ச நாளைக்குக் கோடு வந்திருக்கும்மா."

எனக்குக் காது கேட்காத மாதிரி நின்றேன். கார் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் வந்து டீ டம்ளரைக் கழுவினேன்.

பிப்ரவரி 3

குணசீலன் திருப்பூருக்குப் போய்விட்டார். "சரி மதினி, உங்க கையாலேயே ஓட்டுங்க. கோளாறு தீரட்டும், பிறகு பாப்போம்" என்றார். ஃபேனுக்கு என் நன்றியைச் சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 10

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. குடங்கள் வரிசையாக நிற்கின்றன. கத்தரிப்பூக் குடம் நாலைந்து தெரிந்தது. விற்காது என்று நினைத்துப் பூங்கனியிடம், "யாருக்காவது வேணும்னா எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லியிருந்தேன். எல்லாம் போய்விட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை.

கடைசி வீட்டு ரோசம்மா என் பக்கத்தில் வந்தாள். "ஏக்கா, அந்தக் கலர்ல இன்னொண்ணு கிடைக்குமா? அது ஒண்ணுதான் சண்டை வராம இருக்கு. வரிசையில எது என் குடம்னு எட்ட நின்னே தெரியுது. மஞ்சளும் பச்சையும் எல்லார் வீட்லயும் இருக்குல்ல?"

"அது தீந்துபோச்சு" என்றேன்.

"மறுபடி ஊதுங்க."

"ஊதுறவரு இல்ல."

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். ரெண்டு எட்டு போய்த் திரும்பி, "அப்ப மஞ்சள் குடத்துல கோடு போட்டு வருதாமே, அதாச்சும் குடுங்க" என்றாள்.

அதற்கும் ஆள் இருக்கிறது பாருங்க. நீங்கள் இருந்து இதைக் கேட்டிருந்தால் ஒரு மாசத்துக்குத் தலைகால் புரிந்திருக்காது உங்களுக்கு.

பிப்ரவரி 14

காலையில் சூடு ஏற்றினவுடன் முதல் பத்துக் குடத்தில் மட்டும் கோடு. அதுவும் மயிரிழை மாதிரி. பிறகு சுத்தமாக வருகிறது.

பூங்கனி இன்றைக்கு வீட்டுக்கு உள்ளே அரிசி அளக்கப் போனாள். வெளியே வந்து கேட்கிறாள்: "அக்கா, விழுந்த நாக்கை அன்னைக்கே அரைச்சுட்டேன்னு சொன்னீங்க. அரிசி டிரம்முக்குப் பின்னால துணி சுத்திக் கிடக்கே?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கே அந்த எலி."

"சூலக்கரை எலிட்டி" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள். என் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, போய் அரிசியை அளந்தாள்.

பிப்ரவரி 21

கோடு இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முதல் குடம் சுத்தம். ரெண்டாவதும் சுத்தம். பத்துப் பதினைந்து குடம் வரைக்கும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பூங்கனியும் பார்த்தாள். ஒரு குடத்தில் கொஞ்சம் இருந்த மாதிரி இருந்தது. என் தலைமுடிதான் விழுந்திருந்தது.

இருபத்தேழு வருஷம் இந்த மனுஷன் எங்கேயும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பினதில்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்துதான் போவோம். சினிமாவுக்குப் பாதியில் போவோம். இதிலேயும் கொஞ்சம் தாமதம் பண்ணித்தான் போயிருக்கிறீர்கள். அதுவரைக்கும் சரி.

பூங்கனி மெதுவாகக் கேட்டாள். "வெள்ளை போட்டுப் பாப்போமாக்கா? உள்ள எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டிருந்தா வரும்."

பாய் சொன்னதை இவள் எப்படிக் கேட்டாள்? காது இல்லை, முறம்.

யோசித்தேன். வெள்ளை மூட்டை இருக்கிறது. மேலேதான் இருக்கிறது, நகர்த்த வேண்டியதுகூட இல்லை.

"வேண்டாம்" என்றேன். "சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"மஞ்சளுக்கு அடுத்தது பச்சை."

"பச்சை போடு."

மார்ச் 6

பச்சை முடிந்து சிவப்பு, சிவப்பு முடிந்து நீலம். பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கடை போடுகிறவர்கள் குடம் கேட்டு வருகிறார்கள். ஷெட்டில் நடக்க இடமில்லை. குணசீலன் போன் செய்தார். கோளாறு தீர்ந்துபோச்சா மதினி என்று கேட்டார். தீர்ந்தது தம்பி என்றேன். "அப்ப பாய்க்குச் சொல்லவா?" என்றார். "சொல்லுங்க. வீட்டுக்கு மிஷின் தேவைப்படுதுன்னு சொல்லுங்க. தலையாட்டுனது சாம்பாருக்கு, மிஷினுக்கு இல்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

பதினாறாம் நாளுக்கு இப்போது பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கும் தாமதம்தான். யாரோடு குடித்தனம் பண்ணினேன்!

குணசீலன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அண்ணன் சிரிப்பு.

மார்ச் 11

நீலத்துக்கு அடுத்து சுவரில் எழுதியிருப்பது கத்தரிப்பூ.

அளவு தெரியாது. எழுதியா வைத்திருக்கிறார்? எல்லாம் கைப்பிடி. அவர் கை பெரிசு, என் கை சின்னது. சிவப்பு ரெண்டு பிடி, நீலம் ஒரு பிடி, வெள்ளை கொஞ்சம் என்று கலந்தேன். வாளியில் பார்த்தால் எதுவோ குறைகிற மாதிரியே இருந்தது.

வீட்டுக்குள் போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தேன். துணியைப் பிரித்தேன். பூங்கனி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, வேண்டாம்க்கா. இருக்கட்டும்."

"பாலைக் காய்ச்சுனா மட்டும் போதுமாட்டி? பழைய தயிர் ஒரு கரண்டி விட்டாத்தான உறையும்?"

நாக்கை அரைக்கிற மிஷினில் போட்டேன். கடகடவென்று ரெண்டு சத்தம், அவ்வளவுதான். ஒரு பிடி தேறினது. வாளியில் கொட்டிக் கலக்கினேன். எது அவருடையது, எது என்னுடையது என்று பிறகு தெரியவில்லை.

முதலில் நீலக் கோடாக வந்தது. ஒதுக்கினோம். அப்புறம் கோடு போய் ஒரே கலராக இறங்கினது. அச்சு சேர்ந்தது. பிரிந்தது. பூங்கனி குடத்தை எடுத்தாள். கத்தரிப்பூ இல்லை. அதைவிட அடர்த்தி. நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி ஒரு கலர்.

அவள் குடத்தை இப்படித் திருப்பிப் பார்க்கிறாள், அப்படித் திருப்பிப் பார்க்கிறாள். "யாருக்கா வாங்குவா இந்தக் கலரை?"

"தண்ணிக்கு என்னட்டி கலர் தெரியும்?" என்றேன்.

அவள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கத்தியை எடுத்துப் பிசிறு அறுக்க ஆரம்பித்தாள். அடுத்த குடம் இறங்கிக்கொண்டிருந்தது.